துவாதசிக்கு வீட்டுக் கீரை

மழை கொட்டும் இரவில் பசியோடு வந்த சிவனடியாருக்கு அமுதளிக்க வழியின்றி நின்ற இளையான்குடி மாறநாயனார், அன்று பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்ததை அன்பர்கள் அனைவரும் அறிவர். அடுப்பெரிக்க விறகு இல்லாதபோது வீட்டுக் கூரையின் கொம்புகளை அறுத்துத் தந்ததையும் கதை சொல்வோர் உருக்கத்தோடு சொல்வர். அதற்கடுத்து நிகழ்ந்ததுதான் பெரும்பாலும் விரைந்து சொல்லப்பட்டுவிடுகிறது. சோறு ஆயிற்று, கறிக்கு என்ன செய்வது என்று அம்மையார் கேட்டார். நாயனார் கொல்லைக்குச் சென்றார். குழி கூட நிரம்பாமல் முளைத்திருந்த இளங்கீரையை வேரோடு பறித்து வந்து கொடுத்தார். அந்த ஒரே கீரையைக் கொண்டு அம்மையார் தம் கைத்திறத்தால் பலவகைக் கறி சமைத்தார் என்கிறது பெரியபுராணம். ஆவணி மகத்தில் குருபூஜை கொண்டாடப்படும் அந்த அடியாரின் பெருமையில், கொல்லைக் கீரைக்கும் ஒரு பங்கு உண்டு.

கணமங்கலத்துத் தாயனாரின் வரலாறும் இத்தகையதே. செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் இறைவனுக்கு நாள்தோறும் அமுது செய்வித்த அவர், வறுமை வந்தபின் கூலிக்கு நெல் அறுத்து, கிடைத்த செந்நெல்லை இறைவனுக்கே வைத்தார். கார்நெல்லைத் தாம் உண்டார். கார்நெல்லும் கிட்டாத நாளில், மனையாட்டியார் வீட்டுத் தோட்டத்துக் கீரையைக் கொய்து சமைத்துப் படைத்தார். கீரையும் தீர்ந்தபின் தண்ணீர். பின்னாளில் அரிவாட்டாய நாயனார் என்று போற்றப்பட்டவர் இவரே.

இந்த வரலாறுகளில் வரும் தோட்டம் அழகுக்காக வைக்கப்பட்டது அன்று. கடமை ஒன்று வந்து வாசலில் நிற்கும்போது, பிறர் கையை எதிர்பாராமல் அதனை நிறைவேற்றத் துணை நிற்பது. இன்று மகனோடும் மருமகளோடும் அடுக்குமாடியில் வாழும் முதியோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். ஏகாதசி விரதத்தை ஐம்பது ஆண்டுகளாக விடாது காத்துவரும் ஒருவர், துவாதசிப் பாரணைக்கு அகத்திக் கீரை கிடைக்குமா என்று முதல்நாள் மாலையே கவலைப்படத் தொடங்குகிறார். துவாதசியின் முதற்காற்பகுதியான ஹரிவாசரம் கழிந்த பின்பும், துவாதசி முடிவதற்கு முன்பும் பாரணை நிகழ வேண்டும். சில மாதங்களில் சூரியோதயத்திற்குப் பிறகு துவாதசி சிறிது நேரமே இருக்கும். அந்த வேளையில் எந்தக் கீரைக்காரரும் தெருவுக்கு வந்திருக்க மாட்டார். முதல்நாளே வாங்கி வைத்தாலோ, அகத்தியின் சிற்றிலைகள் விடிவதற்குள் காம்பிலிருந்து உதிர்ந்து வாடிவிடும். வேலைக்குச் செல்லும் பிள்ளையை மாதம் இருமுறை கடைவீதிக்கு அனுப்பத் தயங்கி, விரதத்தையே மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்ட பெரியோரும் உண்டு.

ஒரு பழைய நீர்த்தொட்டியும் ஒரு கைப்பிடி விதையும் இந்தக் கவலையைத் தீர்த்துவிடும்.

அகத்தி விரைந்து வளரும் மரம். வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர்வதற்கென்றே இதனை நட்டு வளர்ப்பது இதனால்தான். தரையில் விட்டால் வீட்டின் கூரையைத் தாண்டிவிடும். தொட்டியில் வளர்ப்பதாயின் அடக்கி வளர்க்க வேண்டும். இருபது லிட்டருக்குக் குறையாத வாளி அல்லது தொட்டி, அடியில் நீர் வடியத் துளைகள், செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் மக்கிய தென்னை நார்க்கழிவும் ஏறத்தாழச் சமஅளவு கலந்த மண், இவை போதும். விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மூன்று நான்காக ஊன்றி, முளைத்தவற்றுள் திடமான ஒன்றை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். செடி மூன்றடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பலரும் மனமிரங்கி இதைச் செய்யாமல் விட்டுவிடுகின்றனர். கிள்ளாத அகத்தி ஒற்றைக் கம்பாக உயர்ந்து, ஆடிக் காற்றில் பாதியில் முறியும்; அதன் கட்டை அத்தனை மென்மையானது. கிள்ளிய அகத்தி பக்கக் கிளை விட்டுப் புதராகி, கைக்கெட்டும் உயரத்தில் கீரை தரும். விதைத்த இரண்டு மூன்று மாதங்களில் பறிக்கத் தொடங்கலாம். தொட்டி மரம் பல்லாண்டு இளமையோடு இராது. ஆறு மாதத்திற்கொருமுறை அடுத்த தொட்டியில் புதிதாக விதைத்துக்கொண்டே வந்தால் எந்தத் துவாதசிக்கும் குறைவிராது. அமாவாசையில் பசுவுக்கு ஒரு பிடி அகத்தி கொடுக்கும் வழக்கமுள்ளோர்க்கு அதுவும் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

அகத்தி இலையைச் சிறு பச்சைப் புழுக்கள் அரிப்பதுண்டு. பெரும்பாலும் அவை மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். விரத நாளில் உயிர்க்கொலையா என்று மனம் கலங்குவோர், அந்த இலைக்கொத்தையே நறுக்கி வெளியே ஏதேனும் புதரில் வைத்துவிடலாம். ஒரு மரத்தின் புழுக்களை அகற்றக் காலையில் ஐந்து நிமிடம் போதும். மருந்து தெளிக்கும் அளவுக்கு இது பெரிய பகையன்று.

நெல்லியைப் பற்றிச் சொல்லாமல் துவாதசி நிறைவுறாது. பிட்சை கேட்டு வாசலில் நின்ற பால சங்கரருக்கு, வறிய இல்லத்தரசி ஒருத்தி வீட்டிலிருந்த ஒற்றை நெல்லிக்கனியை இட்டதும், அவர் திருமகளைத் துதித்ததும், பொன்னெல்லிகள் பொழிந்ததும் கனகதாரா ஸ்தோத்திரத்தோடு இணைத்துச் சொல்லப்படும் வரலாறு. ஆனால் நெல்லி பெருமரம். தொட்டியில் வைத்துக் காய்க்கும் என்று நம்பிச் செலவு செய்வது வீண். தரை இருப்போர் ஒட்டுக்கன்று நட்டால் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும். மாடி வீட்டினர், காய் மலிந்த நாளில் வாங்கி, கொட்டை நீக்கி வெயிலில் உலர்த்திய நெல்லிமுள்ளியைக் கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொள்வதே உசிதம். முன்னோர் செய்ததும் அதுவே.

சுண்டைக்கு அத்தகைய தடை ஏதும் இல்லை. பறவை எச்சத்தில் விழுந்த விதைகூட மதிலோரத்தில் முளைத்து ஆளுயரப் புதராகிவிடும். முள் உண்டு, ஆகவே நடைபாதையோரம் வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு செடி தாராளம். பச்சையாகப் பறித்தது போக எஞ்சியதைக் கீறி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்தினால் ஆண்டு முழுவதும் வற்றல்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் பொட்டாசியம் மிகுந்த உணவைக் கட்டுப்படுத்தச் சொல்வர். கீரைகள் அந்த வரிசையில் வருபவை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்போர், கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சித்த மருந்து உண்ணும் நாளில் அகத்தி கூடாது என்பது வீடுதோறும் அறிந்த பத்தியம். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு உபவாசம் இருப்பதோ மிகவும் ஆபத்தானது. மருத்துவரிடம் பேசாமல் அதைச் செய்யலாகாது. இவர்கள் பாரணையில் ஒரு சிட்டிகைக் கீரையைப் பிரசாதமாகக் கொண்டால் விரதத்திற்குப் பங்கம் ஏதும் வந்துவிடாது. திரௌபதியின் அட்சய பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஒரு துளிக் கீரையையே கண்ணபிரான் உண்டு நிறைவுற்றான்.

துவாதசிக்கு அடுத்து, வீட்டுத் தோட்டத்தின் அருமை தெரிவது சிராத்த நாளில். வசிஷ்டர் விசுவாமித்திரரைச் சிராத்தத்திற்கு அழைத்தபோது, அவர் 1008 கறிகள் வேண்டுமென்று கேட்டாராம். அருந்ததிதேவி இலையில் பரிமாறியவையோ பாகற்காய், பிரண்டை, பலாக்காய் ஆகியவற்றோடு வேறு எட்டுக் கறிகள் மட்டும். விசுவாமித்திரர் சினந்தபோது, பாகல் நூறுக்கும் பிரண்டை முந்நூறுக்கும் பலா அறுநூறுக்கும் சமம் என்ற சாத்திர விதியை அம்மை எடுத்துரைத்தாள் என்று பெரியோர் சொல்வர். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருக்கிறது. இன்றும் சிராத்தச் சமையலில் பிரண்டைத் துவையல் இடம்பெறுவதற்கு இந்த வரலாற்றையே காரணமாகக் காட்டுவர்.

முந்நூறு கறிக்குச் சமமான அந்தப் பிரண்டையைப்போல் வளர்க்க எளியது வேறில்லை. இரண்டு கணுக்கள் உள்ள தண்டை நறுக்கி, ஓரிரு நாள் நிழலில் காயவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஒரு கணு புதையுமாறு நட்டுவிட்டால் போதும். நீர் அதிகமானால் அழுகும், மறந்துவிட்டால் செழிக்கும். சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு தானே ஏறும். துவையலுக்கு நுனியிலுள்ள இளந்தண்டையே பறிக்க வேண்டும். அரிக்கும் இயல்புடையது ஆதலின் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைப்பது வழக்கம். வதக்கலில் அவசரம் காட்டினால் நாவும் தொண்டையும் சொல்லிவிடும்.

பாகலும் புடலும் தைப்பட்டத்திலும் ஆடிப்பட்டத்திலும் ஊன்றத்தக்கவை. இரண்டுக்கும் பந்தல் வேண்டும். மாடியில் நான்கு மூங்கிலும் ஒரு கயிற்று வலையும் பந்தலாகும். பாகல் ஊன்றி இரண்டு மாதத்திற்குள் காய் பறிக்கலாம். முதலில் மலர்பவை பெரும்பாலும் ஆண்பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு செடி கெட்டுவிட்டதென்று எண்ணலாகாது. பூவுக்குக் கீழே சிறு காய்போல் பருத்திருப்பதே பெண்பூ. பிஞ்சைப் பழ ஈ துளைத்து முட்டையிடும். பழைய வேட்டித் துணியில் சிறு பைகள் தைத்துப் பிஞ்சுகளுக்கு மாட்டிவிட்டால் ஈ அண்டாது. புடலங்காய் வளையாமல் நீள, அதன் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் பேரப்பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. பந்தல் அவரையை ஆடியில் ஊன்றினாலும் அது பகல் குறுகும் நாள்வரை பூக்காது. ஐப்பசியில் பொறுமை இழந்து பிடுங்கிவிடுவோர், மார்கழியில் அடுத்த வீட்டுப் பந்தலைப் பார்த்து வருந்துவர்.

உருளை, கேரட், முட்டைக்கோசு முதலியவை சிராத்தத்திற்கும் பல ஆலயங்களின் மடைப்பள்ளிக்கும் விலக்கு என்பது தெரிந்ததே. உருளையும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியே இங்கு வந்தவை. அதனால்தான் பழைய கோயில் தளிகைகளில் மிளகே காரம். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அவ்வாறு வந்ததே. எனினும் அது மட்டும் எப்படியோ பல இல்லங்களின் சிராத்த இலையில் இடம்பிடித்துவிட்டது! வழக்கத்திற்கு அதற்கென்று ஒரு வழி உண்டு போலும். அதன் கொடித்துண்டை அகன்ற தொட்டியில் நட்டால் நான்கு மாதத்தில் கிழங்கு எடுக்கலாம்.

நாள்தோறும் தாளிதத்திற்கு வேண்டிய கறிவேப்பிலையை விதைப்பதைக் காட்டிலும் கன்றாக வாங்குவது நலம். முதல் ஓராண்டு அது வளர்வதாகவே தெரியாது. இலையை உருவாமல் கிளை நுனியோடு நறுக்கினால் அந்த இடத்தில் இரண்டு துளிர்கள் வரும். புளித்த மோரை நீர்த்து வேரில் ஊற்றும் பாட்டிமார் வழக்கம் இன்றும் தொடர்கிறது. கற்பூரவல்லி, தூதுவளை, மணத்தக்காளி மூன்றும் கவனமின்றியே வளரும். சளிக்கும் வாய்ப்புண்ணுக்கும் வீட்டு வைத்தியமாக உதவும். தூதுவளையின் முள்ளுக்கு மட்டும் அஞ்ச வேண்டும்.

துளசிக்கு நேரும் துன்பம் வேறு வகையானது. மாடத்துத் துளசி பட்டுப்போனால் வீட்டிற்கு ஏதோ கெடுதி என்று முதியோர் கலங்குவர். உண்மையில் அதைக் கொல்வது பெரும்பாலும் பக்தியே. நாள் தவறாமல் குடம் நீர், அதன்மேல் பால், வேரில் குங்குமம், அருகே எரியும் விளக்கின் வெப்பம். வேர் அழுகாமல் என்ன செய்யும்? மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் உத்தரணியால் ஊற்றுவது போன்று அளவாக ஊற்றினால் போதும். விளக்கை இரண்டடி தள்ளி வைக்கலாம். கதிர் முற்றவிட்டால் செடி தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். ஆகவே கதிர்களை இளமையிலேயே கிள்ளிப் பெருமாளுக்குச் சாத்திவிட வேண்டும். துவாதசியன்று துளசி பறிக்கலாகாது என்பதால் முதல்நாளே எடுத்து வைப்பது மரபு. துளசி சில ஆண்டுகளே வாழும் செடி. இரண்டு கன்றுகளை வேறிடத்தில் எப்போதும் வளர்த்து வைத்துக்கொண்டால் மனக்கலக்கத்திற்கு இடமில்லை.

பூச்செடிகளையும் கீரையையும் ஒரே இடத்தில் வைப்போர் அரளியைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி எல்லாவற்றிலும் இலை முதல் விதைவரை நஞ்சு உண்டு. அது இதயத்தைத் தாக்கும். கேரளத்தில் அரளி பற்றிய அச்சம் எழுந்தபோது, 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவு செய்தது. அரளியை அடியோடு விலக்க வேண்டியதில்லை. மாலையாகச் சாத்தலாம். ஆனால் கீரைத் தொட்டிக்கு மேலே அதன் இலை உதிரும்படி வைப்பதும், படைத்த அன்னத்தின்மீது அதன் இதழைத் தூவுவதும், தொடுத்த கையைக் கழுவாமல் குழந்தைக்குச் சோறூட்டுவதும் கூடவே கூடா. சிவபூஜைக்குரிய ஊமத்தையும் அவ்வாறே நஞ்சு. கீரையோடு கீரையாக அது முளைத்து நிற்பதுண்டு. விநாயகருக்கு உகந்த எருக்கைப் பறிக்கும்போது பால் கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகும்; உடனே நீரால் நன்கு கழுவி, கண் மருத்துவரைக் காண வேண்டும். வயது முதிர்ந்தோர் இந்தப் பூக்களைப் பறிக்கும் வேளையில் மூக்குக்கண்ணாடி அணிந்துகொள்வது நல்ல காவல்.

நிர்மால்யத்தை என்ன செய்வது என்பது நகரத்து அன்பர்களின் நெடுநாள் வினா. குப்பைத் தொட்டியில் போட மனம் ஒப்பாது. ஆற்றில் விட ஆறும் இல்லை, இருந்தாலும் அது தகாது. பக்கங்களில் துளையிட்ட மண்பானையில், நார், நூல், சரிகை, நெகிழி யாவற்றையும் நீக்கிவிட்டு மலரையும் வில்வத்தையும் துளசியையும் இட்டு, அதற்குச் சமமாக உலர்ந்த சருகையும் ஒரு கைப்பிடி பழைய மண்ணையும் சேர்த்து மூடி வைக்கலாம். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு எருவாகிவிடும். யார் காலிலும் படாது. சுவாமிக்குச் சாத்திய மலர், அடுத்த துவாதசிக் கீரைக்கு உரமாகிறது. அபிஷேகத்திற்குரிய பஞ்சகவ்யத்தைப் போன்றே, கொடுமுடி மருத்துவர் நடராஜன் பயிர்களுக்கென வகுத்துப் பரப்பிய பஞ்சகவ்யம் இப்போது பல ஊர்களில் கிடைக்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி கலந்து இலையில் தெளிப்பர். அசுவினிப் பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும். தெளித்த கீரையைச் சில நாள் விட்டு, நன்கு கழுவியே பறித்துப் பயன்படுத்த வேண்டும்.

செடியைவிட வளர்ப்பவர் உடம்பு முக்கியம். நீர் வடிந்து பாசி பிடித்த மாடித்தளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் கோயிலுக்கும் தோட்டத்திற்கும் ஒருங்கே விடைகொடுக்க நேரும். தொட்டிகளைச் செங்கல் மீது ஏற்றி, வழியும் நீர் ஒரே பக்கம் ஓடச் செய்து, பாசியை வாரந்தோறும் யாரையேனும் கொண்டு தேய்த்துவிட வேண்டும். குனியாமல் வேலை செய்ய, இடுப்பளவு உயர மேசைமேல் கீரைத் தொட்டிகள். பெரிய குடத்திற்குப் பதில் இரண்டு லிட்டர் பூவாளி. ஈரமண் மிகுந்த எடை கொண்டது. பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவே குவிக்காமல் சுவரோரத்தில் வைப்பதே கட்டடத்திற்கு நல்லது. காலை வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிட வேண்டும். பாராயணம் செய்துகொண்டே நீர் ஊற்றுவோர்க்கு நேரம் போவது தெரியாது என்பதால், வீட்டார் யாரேனும் ஒருமுறை மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவது அவசியம்.

இப்போது தொடங்க விரும்புவோர் முதலில் மஞ்சளை வைக்கலாம். மஞ்சள் முதிர எட்டு ஒன்பது மாதமாகும். வைகாசியிலோ ஆனித் தொடக்கத்திலோ, முளை கண்ட ஒரு விரல் மஞ்சளைத் தொட்டிக்கு ஒன்றாகப் புதைத்தால் தைப்பொங்கலுக்குச் சரியாக வரும். இஞ்சியையும் உடன் வைக்கலாம். அரை நிழல் போதும். நீர் தேங்கக் கூடாது. மார்கழி இறுதியில் இலை மஞ்சளிக்கத் தொடங்கும். அப்போது நீரைக் குறைக்க வேண்டும். பொங்கலன்று விடியலில் இலையோடும் கிழங்கோடும் பிடுங்கி, வேர்மண்ணைக் கழுவி, பானையின் கழுத்தில் கட்டிவிடலாம். ஒரு கிழங்கை மட்டும் கட்டாமல் எடுத்து, உலர்ந்த மணலில் புதைத்து வைத்தால், அடுத்த வைகாசிக்கு அதுவே விதை.